மன்னார் வளைகுடாவில் முனைவர் பட்டம் வாங்கியாச்சு, இனி எந்த நாட்டு விசா?

கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கம் வெளிநாடு என்றால் முதலில் துபாயும் சவூதியும்தான். விசா அடிப்பது, இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை, எக்ஸிட், ரீ-என்ட்ரி எல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆய்வாளர் விசா என்று வந்தால் அந்த அனுபவம் பாதிதான் உதவும். வளைகுடாவில் வேலை போனால் இருப்பும் போகும் என்று தெரிந்தே சபர் போகிறோம். ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் போகிற முனைவர்களோ, போஸ்ட்டாக் என்கிற பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை கிடைத்துவிட்டது, பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு தானாக வந்துவிடும் என்று நம்பிப் போகிறார்கள். தானாக வராது. முதல் தடவை எந்த விசாவில் போய் இறங்குகிறீர்களோ, ஐந்து வருடம் கழித்து உங்கள் நிலைமை பாதிக்கு மேல் அதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையிலோ, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலோ, பக்கத்திலேயே இருக்கும் பாசி ஆராய்ச்சி நிலையத்திலோ வேலை பார்த்துப் பட்டம் வாங்கியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வயது முப்பதை ஒட்டி, கையில் ஏழெட்டுக் கட்டுரை, கல்யாணம் முடிந்திருக்கலாம், ஊரில் வயதான அம்மா அப்பா. ஐ.டி.காரர்களின் கணக்கு வேறு, அதை இங்கே கலக்கவில்லை.

நாட்டைப் பார்க்கும் முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அங்கே உங்களுக்கு வரும் பணம் சம்பளமா, உதவித்தொகையா? பி.ஆர். மனுப் போடும் உரிமை உங்கள் கையிலா, வேலை கொடுப்பவர் கையிலா? பி.ஆருக்குக் காத்திருக்கும்போதும் அது வந்த பிறகும் வருடத்தில் எத்தனை மாதம் பாம்பனில் வந்து உட்கார்ந்து களப்பணி பார்க்கலாம்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. கஞ்சிப்பாசியும் கட்டக்கோரைப் பாசியும் கடற்புல்லும் ஆவுளியா என்கிற கடற்பசுவும் உங்கள் ஆய்வுப் பொருள் என்றால், முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

அமெரிக்காவில் தொடங்குவோம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக்குக்கு வழக்கமாகக் கொடுப்பது ஜே-1 விசா. ஆய்வு அறிஞர் பிரிவில் அதிகபட்சம் 5 ஆண்டு இருக்கலாம். கூட வரும் கணவனோ மனைவியோ வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அது ஒரு பெரிய வசதி. ஆனால் இந்த விசாவுக்குள் இரண்டு பூட்டு இருக்கிறது. திட்டம் முடித்துக் கிளம்பினால், அதே பிரிவில் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். அடுத்தது இன்னும் கடினம். இந்திய அரசோ அமெரிக்க அரசோ செலவு செய்து உங்களை அனுப்பியிருந்தால், ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையும் இதில் சேர்த்தி, 2 ஆண்டு ஊரில் வந்து இருந்த பிறகுதான் எச்-1பி என்கிற வேலை விசாவோ, க்ரீன் கார்டு என்கிற அமெரிக்க பி.ஆரோ வாங்க முடியும், இல்லையென்றால் விலக்கு வாங்க வேண்டும். எந்தெந்த நாட்டுக்கு எந்தத் திறன் உள்ளவர்கள் திரும்பியாக வேண்டும் என்று அமெரிக்கா போடும் திறன் பட்டியலில் முன்பெல்லாம் இந்தியா இருந்ததால், அரசுப் பணமே வாங்காதவர்களும் இதில் மாட்டினார்கள். 2024 டிசம்பரில் வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் அங்குள்ள பேராசிரியரின் திட்டப் பணத்தில் சம்பளம் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பூட்டு பெரும்பாலும் விழாது. ஜே-1 விசாவுக்காக அங்கிருந்து அனுப்பும் டி.எஸ்.-2019 படிவம் கைக்கு வந்ததும், பணம் யார் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கும் பகுதியை முதலில் படியுங்கள். சேருமிடம், தேதி எல்லாம் அப்புறம்.

எச்-1பி விசாவுக்குக் குலுக்கல் உண்டு என்று பயப்படுகிறவர்கள் அதிகம். பல்கலைக்கழகங்களுக்கும் லாப நோக்கில்லாத ஆய்வு நிறுவனங்களுக்கும் அந்தக் குலுக்கல் கிடையாது, வருடம் முழுக்க மனுப் போடலாம். 3 ஆண்டு, மேலும் 3 ஆண்டு. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனம், வெளிநாட்டில் இருப்பவரைப் புதிதாக எடுக்கும் எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றது. பல்கலைக்கழகத்துக்கும் அதில் பொது விலக்கு கொடுக்கவில்லை. ஒரு போஸ்ட்டாக்கின் ஆண்டுச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை அது. எந்தப் பேராசிரியரும் மண்டபத்தில் இருக்கும் உங்களுக்காக அதைக் கட்டப் போவதில்லை. ஆக ஜே-1தான் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

க்ரீன் கார்டு விஷயத்தில் ஆய்வாளர்களுக்கு அமெரிக்கா தாராளம் மாதிரித் தெரியும். அபாரத் திறமைக்கான இ.பி.-1ஏ, தேச நலன் விலக்கு என்கிற இ.பி.-2, இரண்டுக்கும் நீங்களே மனுப் போடலாம், யார் தயவும் வேண்டாம். சிறந்த ஆய்வாளர்களுக்கான இ.பி.-1பி மட்டும் வேலை கொடுக்கும் நிறுவனம் போட வேண்டும், 3 ஆண்டு ஆய்வு அனுபவமும் வேண்டும். கட்டுரை, மேற்கோள், பிறர் கட்டுரையை மதிப்பிட்ட சான்று எல்லாம் சேர்த்தால் மனு பாஸாக வாய்ப்புண்டு. பிரச்சினை அதற்குப் பிறகு. வேலை வழி க்ரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000, அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது சட்டம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இ.பி.-2 வரிசையில் 2025 கடைசியில் 2013-ல் மனுப் போட்டவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இ.பி.-1 வரிசை 2022-ல் நின்றது. மனு ஒப்புதலாகி, க்ரீன் கார்டு வராமல், பிள்ளை 21 வயதைத் தாண்டி வரிசையிலிருந்து உதிர்ந்துபோகும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இங்கே நம் கரைக்காரர்கள் சிலருக்கு மட்டும் ஒரு வழி உண்டு. அந்த வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. கணவன் மனைவி இருவரில் யார் பிறந்த நாட்டின் வரிசை சீக்கிரம் நகர்கிறதோ, அதில் குடும்பமே சேர்ந்துகொள்ளலாம். தலைமன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்து சின்ன வயதில் படகேறி வந்து மண்டபம் முகாமில் வளர்ந்தவரை நீங்கள் கட்டியிருந்தால், இலங்கை வரிசை உங்களுடையது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட காத்திருப்பு ஓரிரு வருடமாகச் சுருங்க வாய்ப்புண்டு. துணை இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் இது நடக்காது, அதைத் தேடுவதை இன்றே தொடங்குங்கள். வக்கீல்கள் பலரும் கேட்காமல் இதைச் சொல்வதில்லை.

ஜெர்மனி எனக்குப் பிடித்த கணக்கு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெப்ப மண்டலக் கடலுக்கென்றே ப்ரேமனில் லைப்னிட்ஸ் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. பவளப்பாறை, அலையாத்தி, கடற்புல் என்று நம் ஊர் விஷயங்களையே அங்கே ஆராய்கிறார்கள். கீலில் ஜியோமார் கடலாய்வு மையம், ப்ரேமர்ஹாஃபனில் துருவ, கடல் ஆய்வுக்கான ஆல்ஃபிரட் வேகனர் நிலையம். ஆய்வாளராகப் போக, ஆய்வு நிறுவனம் கொடுக்கும் வரவேற்பு ஒப்பந்தத்தின் பேரில் ஆய்வாளர் அனுமதி உண்டு. சம்பளம் போதுமான அளவு இருந்தால் ஐரோப்பிய நீல அட்டை என்கிற வேலை அனுமதி. நீல அட்டைக்கு 2025-ல் ஆண்டுச் சம்பள வரம்பு 48,300 யூரோ. இயற்கை அறிவியலாளர்கள் பற்றாக்குறைத் தொழிலில் வருவதால் அவர்களுக்கு 43,759.80. வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். முழுநேரப் போஸ்ட்டாக்குக்கு அரசு ஊதிய அட்டவணையில் கிடைக்கும் இ-13 நிலை இதைத் தாண்டிவிடும். முனைவர் பட்ட மாணவருக்குக் கொடுக்கும் 65 விழுக்காட்டு ஒப்பந்தம் தாண்டாது.

நீல அட்டையோடு ஜெர்மன் மொழியில் பி1 என்கிற நடுத்தர நிலை இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி, ஏ1 என்கிற தொடக்க நிலை மட்டும் இருந்தால் 27 மாதம். ஆய்வாளர் அனுமதியில் இருந்தால் பொதுவாக 3 ஆண்டு, பி1 மொழி. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1, ஏ2 முடித்துவிட்டுக் கிளம்பினவர்கள் அங்கே போய் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் எல்லாம் ஆங்கிலம்தானே என்று போனவர்கள் மூன்றாம் வருடம் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு மொழி வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

முன்னே சொன்ன சம்பளமா உதவித்தொகையா என்ற கேள்வி இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். ஹம்போல்ட் ஃபெல்லோஷிப் என்றால் ஊரில் ஃபிளெக்ஸ் வைப்பார்கள், வைக்க வேண்டியதுதான். ஆனால் அது உதவித்தொகை. அதிலிருந்து ஓய்வூதிய நிதிக்குப் பிடித்தம் இல்லை, நீல அட்டைக்கு வேண்டிய வேலை ஒப்பந்தமும் இல்லை. நிரந்தர அனுமதிக்குக் கேட்கும் ஓய்வூதியப் பிடித்த மாதங்களில் அந்தக் காலம் விழாது. இரண்டு வருடம் கௌரவமாக இருந்துவிட்டு, மூன்றாம் வருடம் சம்பள வேலை கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். பெயருக்கு ஃபெல்லோஷிப், பி.ஆருக்குச் சம்பளம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதை எடுப்பது என்பது உங்கள் குடும்பத்தைப் பொறுத்தது. சின்னப் பிள்ளை இருந்தால் நான் சம்பளத்தை எடுப்பேன்.

ஜெர்மனியின் இன்னொரு சங்கடம், பல்கலைக்கழகங்களில் தற்காலிக ஒப்பந்தத்துக்குச் சட்டமே வரம்பு கட்டியிருப்பது: பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு. அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காத ஜெர்மானியர்களே தெருவில் நிற்கிறார்கள். நிரந்தர அனுமதி கையில் இருந்தால் அந்த நாளில் மீன் வளர்ப்பு நிறுவனமோ சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனமோ எதிலும் சேரலாம். நிரந்தர அனுமதி வாங்கியவர் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாமல் போகும். நீல அட்டையிலேயே இருப்பவருக்கு 12 மாதம் வரை விடுகிறார்கள். அக்டோபரில் வந்து பாக் நீரிணையில் இருந்துவிட்டு ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகலாம், தடையில்லை.

பிரிட்டன் கொஞ்சம் வித்தியாசமான வழி வைத்திருக்கிறது. குளோபல் டேலண்ட் விசா. ராயல் சொசைட்டி போன்ற கழகம் ஒப்புதல் கொடுத்தாலோ, அங்கீகரித்த நிதியத்தின் பணத்தில் வேலை பார்த்தாலோ, பட்டியலில் இருக்கும் ஃபெல்லோஷிப் வாங்கினாலோ கிடைக்கும். எந்த வேலைக்கும் கட்டுப்படாத விசா, முதலாளி மாறலாம், வேலையே இல்லாமலும் இருக்கலாம். 3 ஆண்டில் நிரந்தரக் குடியிருப்பு. நம் மூன்றாவது கேள்விக்கு உலகத்திலேயே நல்ல பதில் இங்கேதான். நிரந்தரக் குடியிருப்புக்கு வருடத்தில் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது பொது விதி. இந்தக் கழகங்களின் ஒப்புதல் பெற்ற ஆய்வாளர் ஆராய்ச்சிக்காக வெளியே இருந்த நாட்களை அதில் எண்ணுவதில்லை. மனோலித் தீவுப் பக்கம் எட்டு மாதம் கிடந்து சேம்பிள் எடுத்தாலும் வசிப்பு முறியாது, ஆய்வுக்காக என்று நிறுவனத்தின் கடிதம் மட்டும் வேண்டும். விலைதான் வயிற்றைக் கலக்கும். 2025-ல் விசாக் கட்டணம் 766 பவுனாகவும், அதோடு மருத்துவக் கூடுதல் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுனாகவும் இருந்தது. மூன்று வருடத்துக்கும் முன்பணமாக, குடும்பத்தில் தலைக்குத் தலை கட்ட வேண்டும். நிறுவனம் கொடுக்குமா என்று வேலை ஒப்புக்கொள்ளும் முன் கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

கனடாவைப் பற்றி ஊரில் உள்ள நம்பிக்கை கொஞ்சம் பழசு. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற அவர்களுடைய பி.ஆர். மதிப்பெண் முறையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியாள், வயது 31: 99. முனைவர் பட்டம்: 150. ஆங்கிலம் நான்கு பிரிவிலும் 9-ஆம் நிலை: 124. ஊர் அனுபவம் 3 ஆண்டு, அதோடு படிப்பும் மொழியும் சேர்ந்த கூடுதல்: 100. மொத்தம் 473. கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான சுற்றுகளில் 2025 முழுக்க வெட்டு மதிப்பெண் 500-க்கு மேலேதான் இருந்தது. முதுகலைக்கு 135, முனைவருக்கு 150. ஐந்தாறு வருடம் உப்புக்காற்றில் கிடந்து வாங்கிய பட்டத்துக்கு அவர்கள் கூட்டிக் கொடுப்பது 15. வயதோ 30 தொட்டதும் வருடாவருடம் ஐந்து, ஆறு என்று கரையும். வேலைக் கடிதத்துக்குக் கொடுத்துவந்த மதிப்பெண்ணையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஹாலிஃபாக்ஸ் டல்ஹௌசி பல்கலைக்கழகத்திலோ நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்திலோ போஸ்ட்டாக்காகப் போய் ஓரிரண்டு ஆண்டு வேலை பார்த்த பிறகுதான் இந்த வழி திறக்கும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு உருப்படியாகப் படித்தவருக்கு மட்டும் கதை வேறு. பிரெஞ்சு பேசுவோருக்கான சுற்றுகளில் 450-க்குக் கீழேயே பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். பி.ஆர். வந்தபின் கனடா மாதிரி தளர்வு அபூர்வம்: 5 ஆண்டில் 730 நாள் அங்கே இருந்தால் போதும்.

முனைவர் பட்டத்துக்கு உண்மையிலேயே மதிப்புக் கொடுக்கும் புள்ளிக் கணக்கு ஆஸ்திரேலியாவுடையது. பட்டத்துக்கு 20, வயது 25 முதல் 32 வரை 30, நல்ல ஆங்கிலத்துக்கு 10 அல்லது 20. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65, அழைப்பு வரக் கூடுதல் வேண்டியிருக்கும். பெருநகரங்களுக்கு வெளியே குடியேறும் 491 விசாவுக்கு 15 புள்ளி கூடுதல், 5 ஆண்டு விசா, 3 ஆண்டில் நிரந்தரம் கேட்கலாம். டவுன்ஸ்வில் அந்தப் பட்டியலில் வருகிறது, ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிலையமும் அந்தப் பக்கம்தான். பவளப்பாறை ஆய்வாளருக்கு அதைவிட நல்ல ஊர் கிடைக்காது. வெயிலும் ராமநாதபுரத்துக்குச் சளைத்ததல்ல. பெரிய பெயர் எடுத்தவர்களுக்கு 858 என்ற விசா நேரடியாக நிரந்தரம், ஆனால் அழைப்பு வந்தால்தான் மனு. 33 வயதுப் பிறந்தநாளுக்கு முன் கணக்கை முடித்துவிடுங்கள், 5 புள்ளி அன்றைக்குப் போய்விடும்.

ஜப்பானில் உயர்திறன் புள்ளி முறை இருக்கிறது: 70 எடுத்தால் 3 ஆண்டில், 80 எடுத்தால் 1 ஆண்டில் நிரந்தரம். முனைவர் பட்டத்துக்கே 30. ஒகினாவாவில் ஆங்கிலத்திலேயே நடக்கும் ஆய்வுப் பல்கலைக்கழகம் உண்டு. ஏழு வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்து, குடும்ப வருமானம் 80 லட்சம் யென்னைத் தொட்டால் அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாம். பேரனைப் பார்க்கத் தவிக்கும் வாப்பா உம்மா உள்ள வீடுகளில் இதற்கு விலையே இல்லை.

வளைகுடாவையும் ஒதுக்க முடியாது. செங்கடல் கரையில் சவூதியின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகம் பவள ஆய்வில் முன்னணியில் இருக்கிறது. அமீரகத்தின் 10 ஆண்டு கோல்டன் விசா விஞ்ஞானிகளுக்கும் உண்டு, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலும் செல்லும். குடியுரிமைக்குச் சாதாரண வழி கிடையாது, கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

கடைசிக் கட்டமான குடியுரிமையில்தான் நம் கடலாய்வாளர்கள் நின்று யோசிக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஜெர்மனி 2024 ஜூன் முதல் இரட்டையை ஏற்றாலும், அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கின நிமிடம் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்பார்கள். அதில் ஊருக்கு வரலாம், வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. அதைவிட முக்கியம், 2021 மார்ச் அறிவிக்கையின்படி ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் இந்தியாவில் ஆராய்ச்சி செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்தியக் குடிமகன் அல்லாதவர் மட்டுமல்ல, வருமான வரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும் குடிமகனும் இங்குள்ள உயிர் வளத்தை ஆராய்ச்சிக்கு எடுக்கத் தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சின்னப்பாலத்துப் பெண்கள் பை நிறையப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியில் ஒரு கைப்பிடியை ப்ரேமனுக்கு எடுத்துப்போகக்கூட அந்தக் காகிதம் வேண்டும். அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்ட கூட்டாய்வுத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் வெளிநாடு போகும் முன்னே மண்டபத்தில் உள்ள உங்கள் கைடோடு கூட்டாய்வுக்கு வழி செய்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடல் அட்டை, ஆவுளியா மாதிரிப் பாதுகாக்கப்பட்ட உயிரினமென்றால் வனத்துறை அனுமதி அதற்கும் மேலே.

இந்தக் காரணத்தால்தான், இந்தக் கடலிலேயே ஆய்வு தொடரப் போகிறவருக்கு என் வரிசை இது: பட்டியலில் உள்ள ஃபெல்லோஷிப் கிடைத்தால் பிரிட்டன். சம்பள வேலை கிடைத்தால் ஜெர்மனி, நிரந்தர அனுமதி வாங்கிக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருப்பது. 32 வயதுக்குள் இருந்து ஊரை விட்டுக் குடும்பமாகக் கிளம்பத் தயார் என்றால் ஆஸ்திரேலியா. அமெரிக்கா ஆய்வுக்குப் போய்வர நல்ல நாடு. இலங்கையில் பிறந்த துணை இல்லாதவர் அங்கே பி.ஆர். நம்பி வீடு வாங்க வேண்டாம்.

எந்த நாடானாலும் முதல் அடி ஊரிலேயே விழுகிறது, அதுவும் பெயரில். நமக்கு இன்ஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், பட்டச் சான்றில் ஓர் எழுத்தாக நிற்கும், கட்டுரையில் இன்ஷியல் பின்னால் போயிருக்கும். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிய சான்றுகள் ஒரே வீட்டில் இருக்கும். க்ரீன் கார்டு மனுவுக்கு அம்மா அப்பா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்று கேட்பார்கள். வீட்டில் பிரசவமாகிப் பதியாமல் விட்டவர்கள் தாலுகா அலுவலகத்திலோ நகராட்சியிலோ 'பதிவில் இல்லை' என்ற சான்றும், பெரியவர்களின் உறுதிமொழியும், பள்ளிச் சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போலீஸ் சான்றுக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். இவ்வளவும் ஊரில் இருக்கும்போது ஒரு மாதத்தில் நேரில் அலைந்து முடிக்கலாம். கீலில் உட்கார்ந்துகொண்டு தம்பியை அனுப்பி முடிப்பது சிரமம், கவுண்ட்டரில் 'சம்பந்தப்பட்டவர் வரணும்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.